இரண்டாம் மொழியாக வாழ்ந்த சமஸ்கிருதம்

2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சமஸ்கிருதம்தான் தங்கள் தாய்மொழி என்று பதிந்துகொண்டவர்கள் 24,821 பேர். 2001இல் 14,135 பேர். 1991இலோ 49,736 பேர். பத்தாண்டில் மூன்றில் இரண்டு பங்குக்குமேல் கரைந்துபோய், அடுத்த பத்தாண்டில் முக்கால் பங்கு ஏறிவிடுகிற மொழிச் சமூகம் எதுவும் உலகில் கிடையாது. வீட்டில் பேசும் மொழியைச் சொன்னவர்களைவிட, மனதில் இருக்கும் பற்றைச் சொன்னவர்களே இந்தக் கணக்கில் அதிகம் என்றுதான் கொள்ள வேண்டியிருக்கிறது. இருந்தும் சமஸ்கிருதம் பற்றிய சண்டை மூளும்போதெல்லாம் இந்த எண்ணை யாராவது தூக்கிக்கொண்டு வருகிறார்கள். இருபத்தைந்தாயிரம் பேர்கூடப் பேசாத மொழிக்கு எதற்கு இத்தனை ஆரவாரம் என்கிறது ஒரு தரப்பு. எண்ணிக்கையை விடுங்கள், இந்திய மொழிகளுக்கெல்லாம் அதுவே தாய் என்கிறது இன்னொரு தரப்பு. ஒன்றுக்கொன்று எதிராகத் தோன்றினாலும் இரு தரப்பும் ஒரே அளவுகோலைத்தான் கையில் வைத்திருக்கின்றன: தாய்மொழியாக இருப்பதில்தான் ஒரு மொழியின் மதிப்பு என்ற அளவுகோல். சமஸ்கிருதத்தின் வரலாறு இந்த அளவுகோலுக்குள் அடங்குவதில்லை. வேத காலத்தில் அதன் முன்னைய வடிவத்தை மக்கள் பேசினார்கள். பாணினியும் வழக்கில் உள்ள ஒரு மொழிக்கு இலக்கணம் செய்வதாகவே நினைத்து எழுதினார். ஆனால் கல்வெட்டுச் சான்று கிடைக்கத் தொடங்கிய பிறகு நாம் காணும் சமஸ்கிருதம், ஏறக்குறைய எல்லா இடத்திலும், படித்துப் பெறுகிற இரண்டாம் மொழி. அதன் வலிமையும் அதன் குறையும் இந்த ஒரு நிலையிலிருந்தே பிறந்தவை.

குஜராத்தில் ஜுனாகட் நகருக்கு அருகே, கிர்னார் மலைக்குப் போகும் வழியில் ஒரு பெரும்பாறை இருக்கிறது. அதில் மூன்று காலத்து எழுத்துகள் உள்ளன. முதலில் பொறிக்கப்பட்டவை அசோகரின் பதினான்கு பேராணைகள்; கி.மு. 3ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை, மொழி பிராகிருதம். மக்களுக்கு நேராகப் பேச விரும்பிய பேரரசர் சமஸ்கிருதத்தைத் தொடவே இல்லை. நானூறு ஆண்டுகள் கழித்து, கி.பி. 150ஐ ஒட்டி, அதே பாறையில் ருத்ரதாமன் என்ற அரசன் ஒரு சாசனம் வெட்டினான். புயலில் உடைந்துபோன சுதர்சன ஏரியின் கரையை, குடிமக்கள்மேல் வரி சுமத்தாமல், தன் கருவூலப் பணத்தில் கட்டித் தந்ததைச் சொல்லும் சாசனம். அதற்கு முன்பும் சில சிறு கல்வெட்டுகள் சமஸ்கிருதத்தில் உண்டு என்றாலும், ஓர் அரசு தன் பெருமையை விரிவாக, காவிய நடையில், சமஸ்கிருதத்தில் அறிவித்த முதல் ஆவணம் இதுதான். மூன்றாவதாக, 5ஆம் நூற்றாண்டில் குப்தப் பேரரசன் ஸ்கந்தகுப்தன் காலத்துச் சாசனமும் சேர்ந்தது. ருத்ரதாமன் யார் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. அவன் சகர் மரபைச் சேர்ந்தவன். மத்திய ஆசியப் புல்வெளிகளிலிருந்து வந்த கூட்டத்தின் வழிவந்தவன். கரையைக் கட்டிமுடித்த அதிகாரி சுவிசாகன் ஒரு பஹ்லவன், அதாவது ஈரானிய வழியினன். அந்த ஏரிக்கு அசோகர் காலத்தில் மதகும் வாய்க்காலும் அமைத்தவனாகச் சாசனம் சொல்லும் துஷாஸ்பன் ஒரு யவனன். சமஸ்கிருதத்தை யாக சாலையிலிருந்து அரசவைக்கும் பொதுவெளிக்கும் கொண்டுவந்ததில் 'அந்நியர்' என்று சொல்லத்தக்கவர்களுக்கு எவ்வளவு பங்கு என்பதை இந்த ஒரு பாறை காட்டுகிறது.

அதே காலத்தில் தக்காணத்தை ஆண்ட சாதவாகனர்களைப் பாருங்கள். கௌதமிபுத்திர சாதகர்ணியை ஈடிணையற்ற பிராமணன் என்று புகழும் நாசிக் குகைக் கல்வெட்டை அவனுடைய தாய் கௌதமி பலஸ்ரீ பொறிக்கச் செய்தாள். மொழி பிராகிருதம். வருணக் கலப்பைத் தடுத்தவன் என்று தன் அரசனைப் புகழ்ந்துகொண்ட குடும்பம் பிராகிருதத்தில் எழுதுகிறது. அந்தக் குடும்பம் எதிரியாக எண்ணிய சகர் மரபு அரசன் சமஸ்கிருதத்தில் எழுதுகிறான். சமஸ்கிருதம் ஓர் இனத்தின், ஒரு சாதியின் அடையாளமாக மட்டுமே இயங்கியிருந்தால் இந்த இரண்டு கல்வெட்டுகளும் மொழி மாறி இருந்திருக்க வேண்டும். அது உள்ளூரில் வேர் இல்லாதவனுக்கும் அரசத் தகுதியைத் தேடித்தரும் மொழியாக ஆகியிருந்தது. யாருக்கும் வீட்டு மொழியாக இல்லாததால்தான் யாரும் அதை எடுத்துக்கொள்ள முடிந்தது.

இந்த நிலைமையைச் சமஸ்கிருத நாடகங்களே ஒளிக்காமல் ஒப்புக்கொள்கின்றன. காளிதாசரின் சாகுந்தலத்தில் அரசன் துஷ்யந்தன் சமஸ்கிருதம் பேசுகிறான். சகுந்தலை பேசுவது பிராகிருதம். மோதிரத்தைக் கண்டெடுத்த மீனவன் பேசுவது வேறொரு பிராகிருதம். காதலனும் காதலியும் ஆளுக்கொரு மொழியில் பேசிக்கொள்வதைப் பார்வையாளர்கள் இயல்பாக ஏற்றுக்கொண்டார்கள். பெண்களுக்கும் உழைப்பாளிகளுக்கும் அந்த மொழி எட்டாது என்பது நாடக இலக்கணமாகவே வகுக்கப்பட்டது. காஞ்சியிலிருந்து ஆண்ட மகேந்திரவர்ம பல்லவன் 7ஆம் நூற்றாண்டில் எழுதிய மத்தவிலாசப் பிரகசனம் இன்னும் ஒரு படி மேலே போகிறது. கதை நடப்பது காஞ்சிபுரத்துத் தெருவில். கள்ளுக்கடை உண்டு, கபால ஓட்டைத் தூக்கிக்கொண்டு ஓடும் நாய் உண்டு, குடித்துவிட்டுப் புலம்பும் காபாலிகன் உண்டு. ஆனால் காஞ்சித் தெருவில் ஒருவர்கூடத் தமிழ் பேசவில்லை. அரசனுக்குத் தமிழ் தெரியாது என்பது அல்ல காரணம். நாடகம் என்றால் சமஸ்கிருதமும் பிராகிருதமும்தான் என்பது வழக்கம். வாழ்க்கைக்கு ஒரு மொழி, அரங்குக்கு ஒரு மொழி.

இந்தப் பங்கீடு மிகத் தெளிவாகத் தெரிவது செப்பேடுகளில். பல்லவர்களின் ஆரம்பகாலச் செப்பேடுகள் பிராகிருதத்தில் உள்ளன. பிறகு சமஸ்கிருதம் வருகிறது. 6ஆம் நூற்றாண்டளவில் சமஸ்கிருதமும் தமிழும் சேர்ந்து வரும் முறை தொடங்குகிறது. சோழர் காலத்தில் அந்த முறை முற்றி நிற்கிறது. லெய்டன் செப்பேடுகள் என்று அறியப்படும் ஆனைமங்கலச் செப்பேட்டில் மொத்தம் 21 ஏடுகள். நாகப்பட்டினத்தில் ஸ்ரீவிஜய அரசன் எடுப்பித்த சூடாமணி விகாரத்துக்கு முதலாம் ராஜராஜன் ஆனைமங்கலம் ஊரின் வருவாயைக் கொடுத்ததற்கான ஆவணம் அது. முதல் 5 ஏடுகள் சமஸ்கிருதம். சூரியனில் தொடங்கி மனு வழியாகச் சோழர் குலம் இறங்கி வருகிறது, அரசர்களின் வெற்றிகள் அணியணியாக வருகின்றன. அடுத்த 16 ஏடுகள் தமிழ். சுமார் 97 வேலி நிலம், அதிலிருந்து வரவேண்டிய ஏறத்தாழ 9,000 கலம் நெல், பக்கத்து ஊர்களின் பெயர்கள், எந்த வாய்க்காலுக்குக் கிழக்கே, எந்த வரப்புக்கு மேற்கே என்ற விவரம், பெண் யானையை நடத்தி எல்லை குறித்தது, கல்லும் கள்ளியும் நட்டது, யார் யார் கையெழுத்திட்டார்கள் என்பது. கல்யாணத்துக்குப் போட்ட கண்ணாலக்காணம், வண்ணார் துணி துவைக்கும் கல்லுக்குப் போட்ட வண்ணாரப்பாறை, தட்டாரிடம் வாங்கிய தட்டாரப்பாட்டம் என்று பல்லவர், சோழர் சாசனங்கள் அடுக்கும் வரிப் பெயர்கள் எல்லாம் இந்தத் தமிழ்ப் பகுதிகளைச் சேர்ந்தவை. நாளைக்கு எல்லைத் தகராறு வந்தால் ஊரார் படித்துப் பார்க்க வேண்டியது தமிழ்ப் பகுதியை. சமஸ்கிருதப் பகுதி விசேஷத்துக்கு எடுத்துக் கட்டும் பட்டு. இதில் எது உயர்வு, எது தாழ்வு என்று இன்று நாம் சண்டை போடலாம். செதுக்கியவர்கள் இரண்டையும் ஒரே வளையத்தில் கோத்து ஒரே முத்திரை இட்டார்கள். கொடுத்தவன் சைவன், வாங்கியது பௌத்த விகாரம், எடுப்பித்தவன் கடல் கடந்த நாட்டு அரசன் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

கடல் கடந்த நாடுகளிலும் இதே கதைதான். கம்போடியாவின் கல்வெட்டுகளில் தெய்வத் துதியும் அரச புகழும் சமஸ்கிருதச் செய்யுளாக இருக்கும். நிலம், ஆள், பொருள் பற்றிய பட்டியல் கெமர் மொழியில் இருக்கும். போர்னியோ தீவின் கூத்தாயில் மூலவர்மன் என்ற அரசன் காலத்தில் நட்ட வேள்வித் தூண்களில், கி.பி. 400 அளவிலேயே, சமஸ்கிருதம் எழுதப்பட்டிருக்கிறது. அங்கே எந்த இந்தியப் படையும் போய் மொழியைத் திணிக்கவில்லை. அமெரிக்க அறிஞர் ஷெல்டன் பொல்லாக், ஏறக்குறைய கி.பி. 300 முதல் 1300 வரை ஆப்கானிஸ்தானிலிருந்து ஜாவா வரை பரவியிருந்த இந்தச் சமஸ்கிருத உலகை விரிவாக ஆராய்ந்திருக்கிறார். அரசியல் பேரரசு எதுவும் பின்னால் இல்லாமல் ஒரு மொழி இப்படிப் பரவியதுதான் அவரை வியக்க வைத்தது. சமஸ்கிருதமே இந்தியாவை ஒன்றாக்கியது என்று சொல்பவர்களுக்கு இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. அது ஒன்றாக்கிய பரப்பின் எல்லை வேறு, இன்றைய இந்தியாவின் எல்லை வேறு. அங்கோரும் ஜாவாவும் அதற்குள் வரும். நாகா மலைகள் வராது. ஒரு பண்பாட்டு வட்டத்தை நாட்டின் பட்டாவாகக் காட்ட முடியாது.

தாய்மொழிக் கோட்பாட்டுக்கு வருவோம். தமிழும் தெலுங்கும் கன்னடமும் சமஸ்கிருதத்திலிருந்து பிறந்தவை அல்ல, தமக்குள் உறவுள்ள தனிக் குடும்பம் என்பதைச் சென்னையில் அதிகாரியாக இருந்த எல்லிஸ் 1816இல் எடுத்துக்காட்டினார். கால்டுவெல்லின் ஒப்பிலக்கணம் 1856இல் அதை விரித்து நிறுவியது. சந்தாலி ஆஸ்திரோ-ஆசியக் குடும்பம். மணிப்புரியும் போடோவும் திபெத்திய-பர்மியக் குடும்பம். இவை எல்லாம் இந்திய அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணையில் இருக்கும் மொழிகள்தான். வட இந்திய மொழிகளும்கூடக் காவியச் சமஸ்கிருதத்திலிருந்து நேராக இறங்கி வரவில்லை. மக்கள் பேசிய பிராகிருதங்கள் வழியாக வந்தவை. போதாததற்கு, கொடுத்தது சமஸ்கிருதம், வாங்கியது மற்றவை என்ற ஒருவழிக் கணக்கும் நிற்பதில்லை. மொழியியலாளர்கள் பர்ரோவும் எமனோவும் 20ஆம் நூற்றாண்டின் நடுவில் செய்த ஆய்வுகள் சமஸ்கிருதத்தில் புகுந்த திராவிடச் சொற்களைத் திரட்டித் தந்தன. வெவ்வேறு குடும்பங்களைச் சேர்ந்த மொழிகள் நெடுங்காலம் அடுத்தடுத்த வீடுகளில் குடியிருந்து ஒலியிலும் தொடரமைப்பிலும் ஒன்றைப்போல் ஒன்று ஆகிவிட்டன என்பதை 1956இல் எமனோ எழுதினார். அப்படியென்றால் இந்திய மொழிகளிடையே ஒருமை உண்டு; அந்த ஒருமை பழகிப் பழகி வந்தது.

தனித்தமிழ் நோக்கிலிருந்து ஒரு வாதம் எழும்: அப்படியானால் சமஸ்கிருதத் தாக்கம் என்பதே ஒரு கலப்படம், அதைக் களைந்தால் நம் மொழி தூய்மையாகும் என்று. தமிழைப் பொறுத்தவரை இதில் பாதி உண்மை இருக்கிறது. சங்க இலக்கியம் சமஸ்கிருதக் காவிய மரபைப் பார்த்து எழுதப்பட்டதல்ல. தமிழுக்குத் தனியாக ஒரு பிறப்பு வரலாறு உண்டு. வடசொல்லை எடுத்தாலும் அதன் எழுத்தை நீக்கித் தமிழ் எழுத்துக்குள் கொண்டுவர வேண்டும் என்று தொல்காப்பியமே விதி வைத்திருக்கிறது. எடுப்பதைத் தடுக்கவில்லை, எப்படி எடுப்பது என்று சொல்லியிருக்கிறது. ஆனால் மற்ற மொழிகளின் கதை வேறு. 7ஆம் நூற்றாண்டின் இறுதியை ஒட்டிக் காஞ்சியில் இருந்த தண்டி, காவியாதர்சம் என்ற அணியிலக்கண நூலைச் சமஸ்கிருதத்தில் எழுதினார். 9ஆம் நூற்றாண்டில் ராஷ்டிரகூட அரசன் அமோகவர்ஷனின் அவையில் அதைத் தழுவிக் கவிராஜமார்க்கம் எழுந்தது. நமக்குக் கிடைத்துள்ள கன்னட நூல்களில் அதுதான் பழையது. காவிரிமுதல் கோதாவரிவரை கன்னட நாடு என்று எல்லை வகுத்துச் சொல்வதும் அந்த நூல்தான். சிங்களத்தில் சியபஸ்லகர, தமிழில் தண்டியலங்காரம், பிறகு திபெத்திய மொழிபெயர்ப்பு என்று காஞ்சிச் சரக்கு நான்கு திசையும் போயிற்று. கன்னடம் தான் ஒரு மொழி, தனக்கு ஒரு நாடு என்று முதன்முதலில் நூலாகப் பேசியபோது, பேசும் முறையைச் சமஸ்கிருதத்திடம் கற்றுக்கொண்டது. வட்டார அடையாளத்தை விழுங்க வந்த மொழி என்று மட்டும் சமஸ்கிருதத்தைப் பார்த்தால் இந்த உண்மைக்கு இடம் இல்லாமல் போகும்.

இதைவிடக் கனமான மறுப்பு ஒன்று உண்டு. அதைத் தட்டிக்கழிக்கக் கூடாது. யாரும் எடுத்துக்கொள்ள முடிந்த மொழி என்று மேலே சொன்னதில் அந்த 'யாரும்' எத்தனை பேர்? அரசன், பண்டிதன், துறவி. படித்துத்தான் பெற வேண்டிய மொழி என்றால், யாரைப் படிக்க விடுவது என்பதே அதிகாரமாகிவிடும். அசுவகோஷர் போன்ற பௌத்தர்களும் ஹேமசந்திரர் போன்ற சமணர்களும் சமஸ்கிருதத்தில் பெரும் நூல்கள் எழுதினார்கள் என்பது சரி. அதனால் ஊர்ச்சேரிப் பிள்ளைக்குக் கதவு திறந்திருந்தது என்று ஆகாது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பம்பாயில் பள்ளி மாணவராக இருந்த அம்பேத்கருக்குச் சாதியைக் காரணம் காட்டிச் சமஸ்கிருதம் மறுக்கப்பட்டது; அவர் பாரசீகம் படிக்க நேர்ந்தது. பிற்பாடு தன் முயற்சியால் சமஸ்கிருதம் கற்று, அதன் நூல்களைக் கொண்டே சாதி அமைப்பை விசாரணைக்கு உட்படுத்தினார். சமஸ்கிருதம் ஒடுக்குமுறையின் மொழி என்பவர்கள் இந்தக் கதையின் முதல் பாதியைச் சொல்கிறார்கள். அது எல்லோரையும் அணைத்த மொழி என்பவர்கள் இரண்டாம் பாதியை மட்டும் சொல்கிறார்கள்.

அரசியல் நிர்ணய சபையில் 1949 செப்டம்பரில் நடந்த மொழி விவாதம் இந்த இரண்டு பாதிகளையும் ஒன்றாகக் கொண்டுவந்து நிறுத்தியது. வங்கத்து உறுப்பினர் லக்ஷ்மி காந்த மைத்ரா சமஸ்கிருதத்தை ஆட்சிமொழியாக்கத் திருத்தம் கொண்டுவந்தார். அதை ஆதரித்துப் பேசியவர் நசீருத்தீன் அகமது. அந்த யோசனைக்கு அம்பேத்கரின் ஆதரவும் இருந்ததாக அக்காலப் பத்திரிகைகள் செய்தி வெளியிட்டன. எல்லோருக்கும் ஒரே அளவு கடினம் என்பதுதான் நசீருத்தீன் சொன்ன முக்கியமான தகுதி. அவர் சமஸ்கிருதத்தின் சாரத்தைச் சரியாகப் பிடித்தவர் என்றே நினைக்கிறேன். ஆனால் ஒரே அளவு கடினம் என்பது ஏட்டில்தான் உண்மை. தலைமுறை தலைமுறையாகப் படித்த வீட்டுப் பிள்ளைக்கும் முதல் தலைமுறைப் பிள்ளைக்கும் அது ஒரே கடினமாக இருக்காது. திருத்தம் நிறைவேறவில்லை. அதற்குப் பதில் வேறொன்று நடந்தது. இந்திக்குத் தேவையான சொற்களை முதன்மையாகச் சமஸ்கிருதத்திலிருந்தும் அடுத்தபடியாகப் பிற மொழிகளிலிருந்தும் எடுக்க வேண்டும் என்று 351ஆம் பிரிவு எழுதப்பட்டது. யார் பக்கமும் சாராத இரண்டாம் மொழி, ஒரு மொழியின் சொற்கிடங்காக ஆக்கப்பட்டது. தமிழ்நாட்டில் சமஸ்கிருதம் என்றாலே இந்தியின் முன்னோடி வண்டி என்று சந்தேகம் எழுவதில் இந்தப் பிரிவுக்குப் பெரும் பங்கு உண்டு. தனித்தமிழ் இயக்கத்தை 1916இல் தொடங்கிய மறைமலையடிகள், அதற்கு முன்பே சாகுந்தலத்தைத் தமிழாக்கியவர். அவர் எதிர்த்தது சமஸ்கிருதம் தமிழின்மேல் ஏறி உட்காருவதை; அதைப் படிப்பதை அல்ல.

அடையாளச் சண்டையில் கவனிக்காமல் விடப்பட்ட ஒன்று எழுத்து. சமஸ்கிருதத்துக்கென்று சொந்த எழுத்து கிடையாது. காஷ்மீரத்தில் சாரதை, வங்கத்தில் வங்க எழுத்து, கேரளத்தில் மலையாள எழுத்து, தமிழகத்தில் கிரந்தம் என்று ஊருக்கு ஊர் உள்ளூர் எழுத்தில்தான் அதை எழுதினார்கள். நாகரியே அதன் எழுத்து என்ற எண்ணம் அச்சுக் காலத்தில் வேரூன்றியது. அர்த்தசாஸ்திரத்தின் ஓலைச்சுவடியை 1905இல் மைசூரில் கண்டறிந்து ஷாமசாஸ்திரி 1909இல் பதிப்பித்தார். அந்த ஓலை கிரந்த எழுத்தில் இருந்தது, அதைக் கொண்டுவந்து கொடுத்தவர் தஞ்சைப் பகுதிப் பண்டிதர். பாசனுடைய பெயரால் வழங்கும் நாடகங்கள் கேரளத்து ஓலைகளிலிருந்து கணபதி சாஸ்திரியால் திருவனந்தபுரத்தில் வெளிவந்தன. பாடலிபுத்திரத்துப் பெருமை என்று கொண்டாடப்படும் அர்த்தசாஸ்திரத்தைக் கையெழுத்தில் காத்து வைத்தது தெற்கு. 'வடமொழி' என்ற பெயர் நம்மைக் கொஞ்சம் ஏமாற்றிவிட்டது.

இன்றைய ஏற்பாடுகள் இந்த வரலாற்றோடு ஒத்துப்போகின்றனவா என்றால், இல்லை. 2020ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றின் வழியாக மூன்று சமஸ்கிருத நிறுவனங்கள் மத்தியப் பல்கலைக்கழகங்களாகின. சமஸ்கிருதத்தை என்றும் பிரியாமல் கூட வந்த பிராகிருதத்துக்கும் பாலிக்கும் செம்மொழித் தகுதி கிடைக்கவே 2024 ஆயிற்று. எட்டாம் அட்டவணையில் அவை இரண்டும் இன்றும் இல்லை. சமஸ்கிருதத்தைத் தனியாகப் பிரித்து வைத்துக் கொண்டாடுவது அதன் இயல்புக்கே விரோதம். மறுபக்கம், பாண்டிச்சேரியில் பாதுகாக்கப்படும் சைவ ஓலைச்சுவடிகள் சுமார் 11,000. அவற்றை யுனெஸ்கோ 2005இல் உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. பெரும்பாலானவை கிரந்த எழுத்தில் உள்ள சமஸ்கிருத நூல்கள். தமிழ்நாட்டுச் சிவன் கோயில்களின் கட்டுமானமும் பூசையும் விழாவும் பற்றியவை. தமிழ் இலக்கியம் படித்து வரும் மாணவர்களில் பலருக்குக் கிரந்தம் தெரியாது. நாகரியில் சமஸ்கிருதம் படித்து வருபவர்களுக்கும் தெரியாது. ஆகவே தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகங்களிடம் கேட்க வேண்டியது ஒன்றுதான்: தமிழ், வரலாறு, கல்வெட்டியல் துறைகளில் கிரந்த எழுத்தையும், அடிப்படைச் சமஸ்கிருதத்தையும், பிராகிருதத்தையும் ஒரே பாடமாக வைத்து, எந்தச் சாதி, எந்த மதத்துப் பிள்ளை வந்தாலும் உதவித்தொகையோடு சேர்த்துக்கொள்ளுங்கள். சமஸ்கிருதப் பல்கலைக்கழகங்களும் தங்கள் மாணவர்களுக்கு ஒரு திராவிட மொழியின் பழைய இலக்கியத்தைக் கட்டாயமாக்கட்டும்.